நீக்கியவர் துரைசாமி

1

போன வாரம் ஒரு காலை, அலுவலகத்தில் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்து உட்கார்ந்ததும், கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு மெதுவாக எழும்பி வந்தது. ‘பழைய பதிப்புகளை நீக்கும் ஆண்டுப் பணி. பட்டியல் தயார்.’ ஏப்ரல் கடைசியில் அதை வரச்சொல்லி வைத்தது நான்தான். ஆனாலும் யாரோ தோளைத் தொட்டதுபோல் இருந்தது. எழுந்து சன்னலுக்குப் போய்விட்டேன்.

ரோட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன துறைமுக ஊர் இது. என் சன்னலுக்குக் கீழே கால்வாய். அதில் படகுகள் சத்தமில்லாமல் போகும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் படகு நின்றுவிடும், கரையும் மரங்களும் நானும் நகரத் தொடங்குவோம். இருபது வருடமாக இந்தக் கால்வாய் ஓரத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிறுவனம் பழச்சாறு வாங்கி விற்பது. அதில் ஒரு பகுதி, சித்தூரிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வரும் மாங்கூழ். என் தம்பி தோட்டத்து மாங்காய் அந்தப் பீப்பாய்களில் ஏதோ ஒன்றில் இருக்கும். எதில் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையை எப்போதும் சரியாக விளக்க முடிந்ததில்லை. முயற்சி செய்கிறேன். ஒரு பெரிய வியாபார மென்பொருள் ஒரே கட்டாக இருப்பதில்லை. சரக்கு வாங்க ஒரு பேக்கேஜ், எடை போட ஒன்று, கிடங்குக்கு ஒன்று, ரசீது அடிக்க ஒன்று என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவ்வப்போது புதுப் பதிப்பு வரும். புதியது வந்ததும் பழையது தானாகப் போய்விடாது. கல்யாண வீட்டில் புதுச் சமையல்காரரை வைத்த பிறகும் பழையவர் ஒரு மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதுபோல. இப்படிச் சேர்ந்துபோன பழைய பதிப்புகளைப் பார்த்து நீக்குவது என் பொறுப்பு.

அதற்கு விதி உண்டு. ஒன்பது மாதம் யாரும் தொடாத பதிப்பு பட்டியலில் சேரும். சம்பந்தப்பட்டவர்களுக்கு ‘இது வேண்டுமா?’ என்று மின்னஞ்சல் போகும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று பொருள்; அதன் பிறகுதான் பட்டியல் என் திரைக்கு வரும்.

சென்ற வருடம் இதே ஏப்ரலில் பதினேழு பதிப்புகளை நீக்கினேன். நல்ல வெயில் அடித்த நாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. ரொம்ப லேசாக உணர்ந்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

2

என் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

எங்கள் ஊர் நகரிக்கு மேற்கே. தலைமுறை தலைமுறையாக ஆந்திராவில் தமிழ் பேசிக்கொண்டு விவசாயம் செய்பவர்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான். இங்கே வந்த முதல் வாரம் நகர மன்றத்தில் ஒரு பெண் அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குடும்பப் பெயர்?”

“இல்லை.”

“எல்லோருக்கும் இருக்கும்,” என்றார் அன்பாக. நான் தொலைத்துவிட்டு வந்ததாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கடைசியில் பாஸ்போர்ட்டில் இருந்த அப்பாவின் பெயரை எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து நான் திருமதி துரைசாமி. வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் அலுவலகக் கணினிக்கும் அதுதான் பெயர். மருத்துவமனையில் தாதி வாசலில் நின்று “துரைசாமி!” என்று கூப்பிடும்போது, முதல் சில வருடங்கள் எனக்கு எழுந்திருக்கத் தோன்றாது. வெள்ளை வேட்டியை உதறிக்கொண்டு அப்பா, எங்கள் நைனா, எங்கிருந்தோ எழுந்து போவார் என்று காத்திருப்பேன். அவர் இறந்து வெகு காலம் ஆகிறது. இந்த நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இங்கே எனக்கு வரும் கடிதமெல்லாம் அவர் பெயருக்குத்தான் வருகிறது.

மகள் தாரிணி பிறந்தபோதும் அதே பெயரைத்தான் கொடுத்தோம். என் கணவர் எழிலழகன். அதிகாரி அந்தப் பெயரை இரண்டு முறை தப்பாக எழுதவும், மூன்றாம் முறை அவரே சிரித்துக்கொண்டு “துரைசாமியையே போடுங்கள்” என்றுவிட்டார்.

3

தாரிணி போன வருடம் பள்ளியிறுதித் தேர்வு முடித்தாள். பல்கலைக்கழகம் சேர்வதற்கு முன் இரண்டு மாதம் கையில் இருந்தது. நண்பர்கள் ஸ்பெயினுக்குப் போனார்கள். இவள், “மாமா ஊருக்குப் போகிறேன். தனியாக,” என்றாள்.

பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் பேசியதே குறைவு. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கால்வாய்கள்போல ஓடிக்கொண்டிருந்தன. அங்கே போய் என்ன பேசுவாள், யாருக்குப் புரியும்? தண்ணீர், வெயில், பஸ், நாய் என்று நான் போட்ட பட்டியலை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு சலுகை கொடுத்தாள். அவள் போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும்.

அந்தப் புள்ளியோடுதான் அந்த நாட்களைக் கழித்தேன். பாத்திரம் கழுவும்போது அது நகரி ரயில் நிலையத்தைத் தாண்டும். நான் சைக்கிளில் சிக்னலுக்கு நிற்கும்போது புத்தூர் கடைத்தெருவில் நிற்கும். ஒரு நாள் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் தொடங்கி மலைமேல் ஏறியது. ரொம்ப மெதுவாக, மூச்சு வாங்குவதுபோல் நின்று நின்று ஏறியது. அலுவலகக் கூட்டத்தில் யாரோ அடுத்த ஆண்டுத் திட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மேசைக்கடியில் நான் ஒவ்வொரு படியாக அவளோடு ஏறினேன். என் முறை வந்தபோது என்னிடம் கேட்ட கேள்விக்குத் தமிழில் “வந்துட்டோம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தம்பி முனிரத்தினம் தினமும் ஒரு குரல் செய்தி அனுப்புவான். “அக்கா, பொண்ணு நல்லா துன்னுது, நல்லா தூங்குது. நீ பயப்படாத. களி கூட துன்னுச்சி. உம் மூஞ்சி மாதிரி வெச்சிக்கினு துன்னுச்சி, ஆனா துன்னுச்சி.”

4

ஜூன் மாதம். ஆலைகள் தோதாபுரி மாங்காய் வாங்கத் தொடங்கும் முதல் நாள். முனிரத்தினம் ஒரு மினி லாரி நிறையக் காய் ஏற்றி விடியற்காலையில் கிளம்பினான். தாரிணியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். சித்தூருக்கு வெளியே பலமனேர் ரோட்டில் எங்கள் நிறுவனத்துக்குக் கூழ் அனுப்பும், எங்கள் மென்பொருளிலேயே எடை போடும் ஆலை இருக்கிறது.

நான் எழுந்தபோது புள்ளி ஆலை வாசலில் நின்றது. சாப்பிட்டு முடித்தபோதும் அங்கேயே நின்றது. சைக்கிளைப் பூட்டும்போதும் அப்படியே. அங்கே நடுப்பகல். போன் செய்தேன், எடுக்கவில்லை. வெயிலில் லாரிக்குள் மயங்கிக் கிடக்கிறாளோ என்று நினைத்தேன். நினைக்கக் கூடாதவற்றையும் வரிசையாக நினைத்தேன்.

மேசையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தேன். முதல் புகார்: ‘சித்தூர் ஆலை. எடைமேடை வேலை செய்யவில்லை. காலை முதல்.’

கொஞ்ச நேரம் அந்தப் புகாரையும் போனில் இருந்த புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒன்று என்று புரிந்தபோது காதுக்குள் ஒரு பெரிய அமைதி வந்தது. குளத்துக்குள் முங்கியதுபோல.

எடைமேடையை எங்கள் பக்கம் காட்டா என்பார்கள். வண்டி அதன்மேல் ஏறி, எடைச்சீட்டு வாங்கின பிறகுதான் காய் இறக்க முடியும். அந்த ஆலையின் காட்டா பழசு. அதற்குப் புதுப் பதிப்பு ஒத்துவராது. சீசன் தொடங்கும் அன்று அங்கிருக்கும் கணினி, எங்களிடமிருந்து தனக்கு வேண்டிய பழைய பேக்கேஜைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆடி பிறந்து காய் முடிந்தால் அடுத்த ஜூன் வரை அதை யாரும் தொட மாட்டார்கள். ஏப்ரலில் நான் கணக்குப் பார்த்தபோது சரியாக ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நான் நீக்கிய பதினேழில் அதுவும் ஒன்று. என் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தபோது ஆலையில் பூட்டும் ஒரு காவல்காரரும்தான் இருந்திருப்பார்கள்.

மாந்தோப்பில் பிறந்தவள் நான். இந்த அலுவலகத்தில் இதைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள்.

போன் அடித்தது. தாரிணி. அவள் குரலுக்குப் பின்னால் பெரிய கூச்சல்.

“யோவ் ரெட்டப்பா, இன்னாய்யா மெஷினு? காய் அவிஞ்சிக்கினு போவுது!”

“நேனு ஏம் சேயாலி அண்ணா! போன வருசம் நல்லா தானே இருந்திச்சி!” தான் என்ன செய்ய முடியும் என்று பாதி தெலுங்கில் கேட்டது எடைமேடை குமாஸ்தா.

“போன வருசம் நானும் நல்லா தான்யா இருந்தேன்!”

முனிரத்தினத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. “கொஞ்சம் வழி வுடுங்கப்பா. எங்க அக்கா பொண்ணு, ஆலந்துலர்ந்து வந்துகீது. கம்ப்யூட்டர்ல இன்னா எழுதிகீதுன்னு அது படிச்சி சொல்லும்.”

தாரிணி டச்சில் பேசினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. “அம்மா, நான் எடைமேடை அறைக்குள் இருக்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. இந்தப் பதிப்பு நீக்கப்பட்டுவிட்டதாம். நீக்கிய தேதி இருக்கிறது. நீக்கியவர் பெயரும் இருக்கிறது.”

“என்ன பெயர்?” என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“நம்முடையது.”

அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்களோ தெரியாது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

“மாமா பக்கத்திலே இருக்காரா?”

“இருக்கிறார்.”

“அவர்கிட்ட சொல்லாதே,” என்றேன். அந்த நாளில் நான் செய்தவற்றுள் இதைத்தான் திரும்பப் பெற முடியாது.

அவள் போனைக் காதிலிருந்து சற்று விலக்கி, நான் பல வருடமாகக் கேட்காத தமிழில், கொஞ்சம் தடுக்கித் தடுக்கி, உரக்கச் சொன்னாள். “மாமா, அது... கம்பெனி தப்பு. ஹெட் ஆபீஸ்ல சரி பண்றாங்க. கொஞ்ச நேரம் இருங்க.”

5

நீக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடியும். காப்புப் பிரதி உண்டு. ஆனால் அதற்கு ஒரு படிவம், இரண்டு பேர் ஒப்புதல். என்னோடு ஒப்பமிட வேண்டிய ஹெங்க் அன்று பல் மருத்துவரிடம் போயிருந்தார். படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ‘அவசரம்’ என்று எழுதினேன். போதாது, ஐம்பது எழுத்தாவது வேண்டும் என்று திருப்பிவிட்டது. எனக்கு டச்சு வரவில்லை. ஆங்கிலமும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன். ‘மாங்கா வெயில்ல நிக்குது, எம் பொண்ணும் நிக்கிறா, சீக்கிரம் குடுங்க.’ அது எழுத்துகளை மட்டும் எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொண்டது.

ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு ஹெங்க் வந்து ஒப்பமிட்டபோது அங்கே பிற்பகல் பாதி போயிருந்தது. காட்டா ஓடத் தொடங்கியது. முனிரத்தினத்தின் வண்டி ஏறியபோது அடியில் இருந்த காய் வெந்துபோய் நீர் விட்டிருந்தது. தரம் பார்ப்பவர் பாதியை ஒதுக்கிவிட்டார். ஒதுக்கியதை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார்கள். அந்த மஞ்சள் குவியலை மாடுகள் மோந்து பார்ப்பதைத் தாரிணி படம் எடுத்து அனுப்பினாள். அதன் கீழே எதுவும் எழுதவில்லை.

அலுவலகத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. இங்கே அது வழக்கமில்லை. ஒரு கூட்டம் போட்டார்கள். ‘ஆளைக் குறை சொல்வதில்லை, முறையைத்தான் பார்க்கிறோம்’ என்றார் மேலாளர். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ‘பயன்பாட்டுத் தகவல் போதவில்லை’ என்று நானே எழுதினேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். கூட்டம் முடிந்து கழிப்பறையில் போய் வெகுநேரம் நின்றேன். திட்டு வாங்காத தப்பு எங்கே போய் உட்காரும்?

தாரிணி திரும்பி வந்தாள், கறுத்து, கொஞ்சம் உயர்ந்ததுபோல. விமான நிலையத்தில் கட்டிக்கொண்டாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. செப்டம்பரில் வடக்கே படிக்கப் போய்விட்டாள். ரயிலில் மூன்று மணி நேரம்தான். ஆனால் அழைப்புகள் குறைந்தன. ‘படிக்கிறேன்’, ‘அப்புறம் பேசுகிறேன்’, ஒரு கட்டைவிரல் படம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் என்றார் என் கணவர். இருக்கலாம். ஆனால் ஓர் அறை நிறைய ஆட்களுக்கு நடுவில் அம்மாவுக்காகப் பொய் சொல்ல வைக்கப்பட்ட பிள்ளை, அம்மாவிடம் பேச என்ன வைத்திருக்கும் என்று நான் கேட்டுக்கொள்வேன். நீலப் புள்ளியை அவள் எப்போதோ அணைத்துவிட்டிருந்தாள்.

சில இரவுகளில் ஒரே கனவு வரும். காட்டாவின் மேல் நைனா நிற்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் நான். எடை விழவில்லை. அவர் பொறுமையாக நின்றுகொண்டே இருக்கிறார்.

6

போன வாரம் அந்த மஞ்சள் சீட்டு வந்த பிறகு, இரண்டு நாள் பட்டியலைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் மதியம் முனிரத்தினத்துக்கு போன் செய்தேன்.

“இன்னா அக்கா, இந்நேரத்துல? வேலைக்கு போவலியா?”

“வேலையிலேர்ந்துதான் பேசறேன். நீ எங்கே இருக்கே?”

“தோ, மோட்டர் போட வந்தேன். கரண்ட்டு வர்றதும் போறதுமா கீது.”

சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. காட்டா நின்றது என்னால்தான், திரையில் இருந்தது என் பெயர்தான், தாரிணியைச் சொல்லவிடாமல் செய்ததும் நான்தான். அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“தெரியும் அக்கா.”

“என்ன தெரியும்?”

“நான் அந்த ரூம்ல தானே நின்னுக்கினு இருந்தேன்? நைனா பேர இங்கிலீசுல எப்டி எழுதுவாங்கன்னு எனக்கு தெரியாதா? என் ஆதார் கார்டுல அதானே கீது. பொண்ணு மூஞ்சி வேற செவந்து போச்சி. சரி, அக்கா வேலதான் இதுன்னு வுட்டுட்டேன்.”

“ஒரு வருஷமா ஏண்டா கேக்கல?”

“இன்னா கேக்கறது? அது உன்ன காப்பாத்திக்கினு கீது. நடுவுல நான் பூந்து கெடுக்கணுமா?”

“தாரிணி உன்கிட்ட அப்புறம் ஏதாவது சொன்னாளா?”

“ஒண்ணியும் சொல்லல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுது. மழ வந்துச்சா, மரம் பூத்துச்சான்னு கேக்கும். தமிழ் முன்னாடிக்கு இப்ப பரவால்ல. ஏன், உங்கிட்ட பேசறதில்லியா?”

கேட்டதுமே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான். “அது கிட்ட சொல்லிடுக்கா. மாமாவுக்கு அன்னிக்கே தெரியும்னு. சின்னப் பொண்ணு, எத்தினி நாளிக்கி தூக்கிக்கினு திரியும்.”

“முனிரத்தினம், என்னைக் கொஞ்சம் திட்டேன்,” என்றேன்.

“இன்னாது?”

“இங்கே ஒருத்தரும் திட்டல.”

அவன் சிரித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையாகவே திட்டினான். “அறிவு கீதா உனக்கு? ஐப்பசி மாசத்துல மாமரத்த பாத்து, காய் இல்லன்னு வெட்டிட்டு போவாங்களா? இதுக்கா நைனா உன்ன திருப்பதியில காலேஜு சேத்து படிக்க வெச்சாரு? அரை வண்டி காய் கொட்டிட்டு வந்தேன்க்கா. ரெண்டு நாள் சோறு எறங்கல தெரிமா?”

நான் அழுதேன். பக்கத்து மேசையிலிருந்து ஹெங்க் எட்டிப் பார்த்து, ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். ஒரு வருடமாக மார்பில் நின்றிருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போனது.

அழுது முடித்ததும் பட்டியலைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை தாரிணி மாமாவோடு பேசுவதற்கு முன் நான் அவளோடு பேசிவிட வேண்டும். அதற்கு முன் இதையும் முடிக்க வேண்டும். “போனை வைக்காதே,” என்று அவனிடம் சொன்னேன். “ஒவ்வொண்ணா படிக்கிறேன், கேளு.”

“எனக்கு இன்னா தெரியும்?”

“கேளு சொல்றேன்.”

முதலாவது, துறைமுகத்தில் குளிர்பதனக் கிடங்குக்கானது.

“இது எந்த மாசம் காய்க்கும்?” என்றான்.

திகைத்துப் போனேன். பிறகு ஹெங்க்கிடம் அதையே டச்சில் கேட்டேன். அவர் யோசித்தார். ஜூன், ஜூலையில், தெற்கிலிருந்து ஆரஞ்சு வரும் காலத்தில் என்றார். அப்படியென்றால் இப்போது தூங்குகிறது. ஓரமாக வைத்தோம்.

அடுத்தது, கோடை விடுமுறைப் பரிசுப் பெட்டிக்கானது. அதுவும் ஓரமாக. அடுத்தது எதற்கென்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

“தெரியலன்னா வுடு. ஒரு வருசம் பாத்துட்டு சொல்லலாம்.”

இப்படியே போனது. ஒவ்வொன்றுக்கும் அவன் மாசம் கேட்டான். ஹெங்க் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பட்டியலில் ‘மாதம்’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தார். வெளியே ஒரு படகு நின்றது, கரை நகர்ந்தது.

கடைசியாக இருந்தது, நாங்கள் எப்போதோ விற்றுவிட்ட ஒரு புட்டி ஆலைக்கானது. அந்தக் கட்டடமே இப்போது இல்லை, இடித்து வீடு கட்டிவிட்டார்கள் என்று சொன்னேன்.

“அது பட்ட மரம். எடுத்துடுக்கா.”

ஹெங்க் ஒப்பமிட்டார். நான் விசையை அழுத்தினேன். திரை ஒரு கணம் வெளுத்து, பிறகு ‘நீக்கியவர்’ என்ற அந்த வரி வந்தது.

“முடிஞ்சிதா?” என்றான் முனிரத்தினம்.

“முடிஞ்சுது.”

“நைனா பேரு வந்துச்சா?”

“வந்துச்சு,” என்றேன்.